மறதி நோயுள்ள மாமியார் குளிக்க மறுக்கிறார், என்ன செய்யலாம்?

தேனி மருமகள்:
மாமியாருக்கு 76 வயது. அல்சைமர், நடுக்கட்டம். நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். குளிக்கக் கூப்பிட்டால் மட்டும் "காலையிலேயே குளிச்சிட்டேன்" என்கிறார். தலையில் தண்ணீர் ஊற்றினால் அலறுகிறார், அடிக்க வருகிறார். நாலு நாளாச்சு. மார்புக்கு அடியில் சிவந்திருக்கு. வழி சொல்லுங்க.

வீட்டுச் செவிலி:
தலையில் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கம்மா. திடீர்னு முகத்தில் தண்ணீர் வழிஞ்சா என்ன நடக்குதுன்னே அவங்களுக்குப் புரியாது. பயத்தில்தான் கை ஓங்குறாங்க, பிடிவாதம் இல்லை.

"குளிக்கலாமா?"ன்னு கேட்டா "வேண்டாம்"தான் வரும். "வெந்நீர் விளாவி வெச்சிருக்கேன், வாங்கத்தை"ன்னு சொல்லுங்க. "காலையிலேயே குளிச்சேன்"னா வாதாடாதீங்க. அரை மணி விட்டு மறுபடி கூப்பிடுங்க.

துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை எல்லாம் முன்கூட்டியே உள்ளே இருக்கணும். நடுவில் தனியே விட்டுட்டு எடுக்கப் போகக்கூடாது. கால்களில் ரப்பர் பூண் போட்ட நாற்காலி, முதுகு சுவர்ப் பக்கம். பாவாடையை நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிவிடுங்க. பல வருஷம் அப்படிக் குளிச்ச உடம்பு, கூச்சம் பாதி போயிடும். செம்பால் பாதத்தில் ஆரம்பிச்சு முழங்கால், கை, முதுகுன்னு மெதுவா மேலே வாங்க. ஒவ்வொரு தடவையும் "கால்ல ஊத்துறேன் அத்தை"ன்னு சொல்லிட்டு ஊத்துங்க. அவங்க கையில் ஈரத்துணி கொடுங்க, முகத்தை அவங்களே துடைச்சுப்பாங்க. தலைக்குக் குளிப்பாட்டுறதை வேற நாளுக்கு வைங்க.

பராமரிப்பாளர் 22:
தினமும் முழுக் குளியல் அவசியமில்லை. வாரம் ரெண்டு போதும். மற்ற நாள் கட்டிலில் உட்கார வெச்சு வெதுவெதுப்பான தண்ணீரில் துடைச்சாப் போதும். முகம், அக்குள், மார்புக்கு அடியில், கடைசியா வேறு துணியால் தொடை இடுக்கு.

சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காம ஒத்தி எடுங்க. பவுடர் கொட்டாதீங்க, வியர்வையில் கட்டி தட்டி இன்னும் அறுக்கும். மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வைங்க. வெள்ளையா படிஞ்சாலோ நீர் கசிஞ்சாலோ பூஞ்சையா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டணும்.

குளியலறை வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தா எடுத்துடுங்க. இந்த நோயில் அது பள்ளம் மாதிரித் தெரியும், கால் வைக்க மாட்டாங்க. உள்தாழ்ப்பாளையும் கழற்றிடுங்க.

மருந்தாளுநர்:
இந்த முரண்டு ரெண்டு மூணு நாளில் திடீர்னு வந்ததா? அப்படின்னா சிறுநீர் பரிசோதனை பண்ணுங்க. வயசானவங்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே கிருமித்தொற்று வரும், குழப்பமே முதல் அடையாளமா இருக்கலாம். மலச்சிக்கலும் இதையே செய்யும். அரிப்புக்கு ஏவில் மாத்திரை கொடுத்தீங்களா? அது மறதியைக் கூட்டும், சிறுநீரையும் கட்டும். டாக்டரைக் கேட்காம கொடுக்காதீங்க.

தேனி மருமகள்:
நாலு நாளாத்தான் இந்த அளவுக்கு. ஏவிலும் ரெண்டு கொடுத்தோம். நாளைக்கே சிறுநீர் டெஸ்ட் எடுத்துடறோம். ஹீட்டர் ராடு பக்கெட்டுலயே கிடக்குது, பரவாயில்லையா?

வீட்டுச் செவிலி:
வேண்டவே வேண்டாம், அத்தை பக்கெட்டுக்குள்ள கையை விட்டுடுவாங்க. சமையலறையில் காய்ச்சி, பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்துட்டு அப்புறம் கூப்பிடுங்க.