ஜாரைக் கும்பிட்ட கிராமம் எப்படிச் சிவப்பாச்சு?

கேள்விக்காரன்:
1917ல லெனின் வந்தார், புரட்சி நடந்துச்சு. பாடத்துல அவ்வளவுதான் இருந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைஞ்ச நாட்டுல வரும்னு மார்க்ஸ் எதிர்பார்த்தது, முக்கால்வாசிக்கு மேல கிராமத்துல இருந்த ரஷ்யாவுல எப்படி வந்தது? விவசாயிங்க நிஜமாவே மனசு மாறினாங்களா? அப்புறம் 1991ல சோவியத் ஒன்றியம் உடைஞ்சப்போ ஏன் யாரும் தடுக்கல?

நெவாக்கரை:
மாறவே இல்லைங்கிறதுதான் என் வாதம், தம்பி. அவங்க கேட்டது கடைசிவரைக்கும் நிலம்.

1861ல ரஷ்யப் பேரரசர் (ஜார்) இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழிச்சார். ஆனா கைக்கு வந்த நிலத்துக்கு 49 வருஷத் தவணை கட்டணும். நிலமும் பெரும்பாலான இடத்துல ஊர்ச்சபை பேர்லதான். வரிக்கும் தவணைக்கும் ஊரே கூட்டுப் பொறுப்புங்கிறதால, சபை சம்மதிக்காம ஒருத்தன் வெளியூர் போய்ப் பிழைக்க முடியாது. பிரதமர் ஸ்தொலீபின் 1906ல இதை உடைச்சுத் தனி நிலக்காரங்களை உருவாக்கப் பார்த்தார். 1911ல கீவ் நாடக அரங்குல அவரைச் சுட்டுட்டாங்க.

ஜார் மேல இருந்த பக்திக்குப் பெரிய அடி 1905 ஜனவரியில. பாதிரி கபோன் பின்னால, ஜார் படத்தையும் சாமி படத்தையும் ஏந்தி மனு கொடுக்கப் போனவங்க மேலயே துப்பாக்கிச் சூடு. 1917ல ரொட்டி கேட்டுத் தலைநகர் பெத்ரோகிராத் தெருவுல பெண்கள் இறங்கினப்போ, சில நாள்லயே பட்டாளம் சுட மறுத்துருச்சு, ஜார் ஆட்சியும் விழுந்துச்சு. அந்தச் சிப்பாய்ங்களும் பெரும்பாலும் விவசாயி வீட்டுப் பிள்ளைங்கதானே.

லெனின் கெட்டிக்காரர். ஆட்சியைப் பிடிச்ச கையோட நில ஆணை போட்டார், அதுவும் போட்டிக் கட்சியான சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியோட திட்டத்தையே எடுத்து. அப்படியும் அடுத்து நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தல்ல லெனினோட போல்ஷெவிக் கட்சிக்குக் கிட்டத்தட்ட கால்வாசி ஓட்டுதான். கிராமம் பெரும்பாலும் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களுக்குப் போட்டது. 1918 ஜனவரியில சபை ஒரே ஒரு நாள் கூடுச்சு, கலைச்சுட்டாங்க. ஜனங்க ஓட்டுப் போட்டு வரவழைச்ச கம்யூனிசம்னு யாராவது சொன்னா இதை எடுத்துக் காட்டுங்க.

1929க்கு அப்புறம் ஸ்தாலின் அதே நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்குள்ள இழுத்துக்கிட்டார். 1932–33ல பஞ்சம், லட்சக்கணக்குல சாவு. அதே சமயம் நாட்டுக்குள்ள இடம் மாறவே தேவைப்பட்ட உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தது; கூட்டுப்பண்ணைக்காரங்கள்ல பெரும்பாலோருக்குக் கிடையாது. எல்லாருக்கும் கொடுக்கறதுன்னு முடிவெடுத்ததே 1974லதான். ஊரை விட்டுக் கிளம்பணும்னா, ஜார் காலம் மாதிரியே யார்கிட்டயாவது கேட்டாகணும்.

குறுக்குக்கேள்வி:
ஒரு பக்கமா எழுதுறீங்க. 1897 கணக்கெடுப்புல மூணுல ஒருத்தருக்குக்கூட எழுத்து தெரியல. 1939ல அஞ்சுல நாலு பேர் படிச்சவங்க. முதல் விண்வெளி வீரர் ககாரின் யாரு? கூட்டுப்பண்ணைத் தச்சர் மகன். அம்மா பால் பண்ணையில வேலை பார்த்தவங்க. ஜார் ஆட்சியில அந்தப் பையன் விண்வெளிக்குப் போயிருப்பானா?

நெவாக்கரை:
போயிருக்க மாட்டான், ஒத்துக்கறேன். ஆனா அவர் கிளம்பின வழியைப் பாருங்க: மாஸ்கோ பக்கத்து லியூபெர்த்ஸியில வார்ப்படத் தொழிற்பள்ளி, அப்புறம் பட்டாளம். கிராமத்துப் பசங்க வெளியேற அந்த ரெண்டு கதவும்தான் முக்கியமா திறந்திருந்துச்சு.

பழைய மாணவன்:
1991 கேள்வியை எல்லாரும் மறந்தாச்சு. அப்போ நான் மாஸ்கோவுல படிச்சுக்கிட்டிருந்தேன். ஒன்றரைக் கோடிக்கு மேல உறுப்பினர் இருந்த கட்சி. ஆகஸ்ட்ல ரஷ்ய அதிபர் யெல்த்சின் அதோட செயல்பாட்டை நிறுத்தி வெச்சப்பவும், நவம்பர்ல தடை செஞ்சப்பவும் யாரும் தெருவுக்கு வரல. ஏற்கெனவே எல்லாருக்கும் கடை வரிசைதான் கவலை. 1992 ஜனவரி 2ல விலைக்கட்டுப்பாட்டை எடுத்தாங்க. கடையில சாமான் வந்துச்சு, வாங்கக் காசில்ல. அந்த வருஷம் விலை சுமார் 26 மடங்கு. வங்கிச் சேமிப்பெல்லாம் கரைஞ்சுபோச்சு. தெருவுல யாரும் விக்கலாம்னு ஆணை வந்ததும் 'தேத்ஸ்கி மிர்'ங்கிற குழந்தைகள் சாமான் கடைப் பக்கம் நீள வரிசை: கையில ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு பாட்டில் வோத்கா, பின்னின கம்பளி உறைன்னு ஆளாளுக்கு நீட்டிக்கிட்டு. அதுல வாத்தியாரம்மாக்களும் இருந்தாங்க. மார்க்ஸைப் பத்தி யாரும் பேசி நான் கேட்கல.

கேள்விக்காரன்:
சரி, விவசாயிக்குக் கடைசியில நிலம் கிடைச்சதா?

நெவாக்கரை:
காகிதத்துல கிடைச்சது. 90கள்ல பண்ணையைப் பங்கு போட்டு, உன் நிலம் எங்கேன்னு எல்லை காட்டாமலே பத்திரம் கொடுத்தாங்க. தாராளமா விக்க வாங்க வழி செஞ்சது 2002 சட்டம். நிறையப் பேர் பெரிய வேளாண் கம்பெனிக்கே குத்தகைக்கு விட்டுட்டாங்க. குத்தகை பல இடத்துல பணமா வராது. தானியம், சர்க்கரை, மாட்டுத் தீவனம்.