பாட்டிக்கு 80: சனிக்கிழமை யார் காடி ஓட்டுவது?

அத்தை: சனிக்கிழமை காலை 9 மணிக்கு எல்லோரும் செந்தூல் மண்டபத்தில் இருக்க வேண்டும். 10 மணிக்குப் பூசை. காலைப் பசியாறலும் அங்கேதான்.

சித்தி: சாப்பாடு எத்தனை பேருக்கு அண்ணி?

அத்தை: 120

சின்ன மாமா: ரசம் கூடுதலாகச் சொல்லுங்கள். தீபாவளிக்குப் பத்தவே இல்லை

அண்ணி: அத்தை, கவின் மட்டும் 12 மணிக்கு மேல் வருவான். டாமன்சாரா ஐஸ் ரிங்க்கில் சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லித்தரக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள்.

அண்ணன்: 9 மணிக்கே வருவான். உயரம் பத்தாது என்று டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன கோச்சிங்?

சித்தி: எடுத்துவிட்டார்களா??

சித்தி: யாரும் சொல்லவே இல்லை

பெரிய மாமா: குமரா, கோபப்படாமல் படி. மார்ட்டின் செயின்ட் லூயி என்று ஒருவர், கனடா, கியூபெக் பக்கம். உயரம் 5 அடி 8 அங்குலம்தான், அந்த ஆட்டத்தில் அது குள்ளம். என்எச்எல் என்பது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், அதன் கிளப்புகள் வருடா வருடம் இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுப்பார்கள், ஒரு கிளப்பும் இவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு கால்கரி கிளப் சேர்த்துக்கொண்டது, 2000இல் அதுவும் விட்டுவிட்டது. டாம்பா பே கிளப்புக்குப் போனார். 2004இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி, அதாவது போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து, அவருக்குத்தான், 94.

சின்ன மாமா: அண்ணா ஆரம்பித்துவிட்டார்

பெரிய மாமா: இன்னும் முடியவில்லை. அந்த வருடம் இறுதிச் சுற்றில் எதிரணி அதே கால்கரி, முதலில் 4 ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. 6ஆவது ஆட்டம், கால்கரி ஊரிலேயே, தோற்றால் கோப்பை போய்விடும். இரண்டாவது கூடுதல் நேரம் தொடங்கி 33ஆவது விநாடியில் இவர் கோல் போட்டார். 7ஆவது ஆட்டத்தையும் ஜெயித்து ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். 2013இல் 37 வயதில் மறுபடியும் லீக்கிலேயே அதிகப் புள்ளி.

அத்தை: மாலை யார் எடுப்பது? பூக்கடைக்காரர் 8.30க்குத் தயாராக இருக்கும் என்கிறார்

அண்ணன்: மாமா, அவர் ஊரில் பனி வாசலிலேயே கிடக்கும். இங்கே ஐஸில் ஏறி நின்றாலே காசு. அடுத்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை வேறு.

பெரிய மாமா: 2017 சீ விளையாட்டில், அதுதான் தென்கிழக்காசியப் போட்டி, முதல் தடவையாக ஐஸ் ஹாக்கி வைத்தது இதே கோலாலம்பூரில்தான். தங்கம் யாருக்கு? பிலிப்பைன்ஸுக்கு. மணிலாவில் பனியா பெய்கிறது?

சின்ன மாமா: 👏

பெரிய மாமா: கோச் விஷயத்துக்கு வருகிறேன். 2015இல் ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதர் தன் பிள்ளைகள் ஆடிய சிறுவர் டீமுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். 2022 பிப்ரவரியில் என்எச்எல்லின் மாண்ட்ரியல் கிளப் கூப்பிட்டுத் தலைமைக் கோச் ஆக்கியது. அப்போது அந்த டீம் லீக்கிலேயே கடைசி. 2025இல் பிளேஆஃப் வரை, அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள் வரை, கொண்டுபோனார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைச் சின்ன வேலை என்று நினைக்காதே.

அண்ணி: டீமிலிருந்து எடுத்த அன்றைக்கு வந்து பையை மூலையில் போட்டவன் மூன்று நாள் திறக்கவே இல்லை. ஈரத்தில் ஸ்கேட் பிளேடு துருப்பிடிக்குமே என்று நான்தான் எடுத்துத் துடைத்து வைத்தேன். போன வாரம் பார்க்கிறேன், ஐஸில் விழுந்து ஒரு குட்டிப் பிள்ளை அழுகிறது, இவன் முட்டி போட்டு அதன் கையுறையைக் கழற்றி விரலை ஊதிவிட்டு, மறுபடியும் மாட்டி, மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறான். அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்.

சித்தி: 😢

அண்ணன்: இதை என்னிடம் சொல்லவில்லையே

பெரிய மாமா: 1975இல் இங்கே உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது, ஐஸ் இல்லை, புல்தரை ஹாக்கி, மலேசியா 4ஆவது இடம். எனக்கு 11 வயது. தோட்டத்தில் அன்றைக்கு எந்தப் பையன் கையில் மட்டை இல்லை? பின்னால் மாநிலத் தேர்வுக்கு என் பெயர் வந்தது. அப்பா என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியும்.

சித்தி: அண்ணா வேண்டாம். அம்மாவும் இந்தக் குரூப்பில் இருக்கிறார்

சின்ன மாமா: அந்த மட்டை இன்னும் பரண் மேல் இருக்கிறது

பெரிய மாமா: எங்கே??

பாட்டி: 🎤 0:14

அத்தை: கேட்டீர்களா? “புள்ள போய்ட்டு வரட்டும், நான் எங்க போய்டப் போறேன், வந்து அவன் கையால எனக்கு ஒரு வாய் சோறு போடட்டும்” என்கிறார்

கவின்: 11.30க்கு முடிந்துவிடும் பாட்டி. அப்பா?

அண்ணன்: பார்க்கலாம். கொண்டுபோய் விடுவது யார், கூட்டிவருவது யார்? நான் அர்ச்சனைக்கு உட்கார வேண்டும்

பெரிய மாமா: நான் கொண்டுபோய் விடுகிறேன்

அத்தை: நீங்கள் 8.30க்கு மாலை எடுக்க வேண்டும்

சின்ன மாமா: நான் கூட்டிவருகிறேன், காடி வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டால்

சித்தி: ரசம் சொல்லியாச்சா?