நாற்சார் வீட்டைத் திருத்தும்போது பிள்ளையை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி: நல்லூரிலுள்ள அம்மம்மாவின், நடுவில் முற்றம் உள்ள நாற்சார் வீட்டில், இரண்டு வயது மகளுடன் இருந்துகொண்டே திருத்த வேலைகளைத் தொடங்க விரும்புகிறோம். சுண்ணாம்புச் சாந்து உதிர்கிறது. கதவுகளில் பழைய பெயின்ற் பல அடுக்காக உள்ளது. எதை முதலில் செய்வது?

பதில் 1: தங்கச்சி, முதலில் கதவுகள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசு, தரையில் விளையாடிய கையை வாயில் வைக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் என்பதால், கதவுகளைக் கழற்றி, வளவின் ஒதுக்குப்புறத்தில் நனைத்துத் தேய்ப்பியுங்கள். அந்த நாட்களில் மகளை உறவினர் வீட்டில் விடுவதே நல்லது.

பதில் 2: மேசன் என்ன சொன்னாலும் அந்தச் சுவர்களுக்குச் சீமெந்து பூசவிடாதீர்கள், அது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்பையே பூசுங்கள். தண்ணீர் விட்டு நீற்றும் சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும் என்பதால் தொட்டியை மூடிவையுங்கள்.

பதில் 3: கிணற்றுக் கட்டு தாழ்வாக இருந்தால், வேலையாட்கள் வருவதற்கு முன்பே அதை உயர்த்தி, கம்பி வலையால் மூடிவிடுங்கள்.