யாட் நடுத்தர வருமானக்காரர் கைக்கு எட்டியது எப்படி? பழைய சார்ட்டர் (வாடகைக்கு விட்ட) படகில் எதைப் பார்ப்பது?

அலைவாய் (கேள்வி):
ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசிரியர்கள், மெக்கானிக்குகள்கூட 28, 30 அடி பாய்மர யாட் வைத்திருக்கிறார்கள். உலகப் போருக்கு முன் இது பெரும் பணக்காரர்களின் பொருள். விலை எதனால் இறங்கியது? சார்ட்டர் கம்பெனிகளுக்கு இதில் பங்கு உண்டா? மத்தியதரைக்கடலில் சார்ட்டர் ஓடி முடித்த படகை வாங்குபவர் முதலில் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்?

அச்சுவார்ப்பு:
விலையை இறக்கியது ஃபைபர் கிளாஸ் படகை வார்க்கும் அச்சுதான். மரப் படகில் ஒவ்வொரு விலாக் கட்டையையும் வளைத்து, பலகையைச் சீவிப் பொருத்தி, இடுக்கில் பஞ்சு அடைக்க வேண்டும். பத்தாவது படகுக்கும் முதல் படகுக்கு ஆன அதே தச்சு வேலை. ஃபைபர் கிளாஸில் நுணுக்கமான உழைப்பெல்லாம் மாதிரி உடலிலும் அதிலிருந்து எடுக்கும் அச்சிலும் முடிந்துவிடும். எத்தனை படகு வார்க்கிறோமோ அத்தனைக்கும் அந்தச் செலவு பங்காகிவிடும்.

அச்சுக்கு மெழுகு பூசி, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஜெல் கோட் (படகின் வழவழப்பான வெளிப்பூச்சு) அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கண்ணாடி இழை விரிப்பும் (மேட்) நெய்த இழைத் துணியும் (ரோவிங்) மாற்றி மாற்றி வைத்து, பாலியெஸ்டர் ரெசினை உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைப்பது). குறைந்தால் சரியாக இறுகாது, கூடினால் சூடேறி விரிசல் விடும். தமிழகக் கரையில் ஃபைபர் போட் கட்டுபவர்களுக்கும் இதே வேலைமுறைதான்.

1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம், கார்ல் ஆல்பெர்க் வரைந்த 28 அடி ஃபைபர் கிளாஸ் ட்ரைட்டன் படகை 9,700 டாலருக்கு வைத்தது. 700க்கு மேல் கட்டினார்கள். பிரிட்டனில் 1969இல் வந்த 26 அடி வெஸ்டர்லி சென்டார் 2,000ஐத் தாண்டியது. அதற்கு இரட்டைக் கீல் (படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் கனமான பகுதி). வற்றத்தில் சேற்றில் நிமிர்ந்தே உட்காரும், அதனால் மரினா (படகு நிறுத்தும் துறை) வாடகை இல்லாமல் மலிவான ஓடைகளில் கட்டிவைக்க முடிந்தது.

என் பார்வையில் புதுப் படகின் விலையைவிட முக்கியமான விஷயம், ஃபைபர் உளுத்துப்போகாது என்பது. நாற்பது வருடப் படகுகள் இன்றும் ஓடுகின்றன. புதியவை வந்து சேரச் சேர பழையவற்றின் விலை விழுந்துகொண்டே வந்தது.

நங்கூரம்:
சார்ட்டர் பற்றி. 1969இல் சார்லி, ஜின்னி கேரி தம்பதி பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் டோர்டோலாவில் ஆறு பியர்சன் 35 படகுகளோடு தி மூரிங்ஸைத் தொடங்கினார்கள். எல்லாம் ஒரே மாடல் என்றால் உதிரி பாகமும் ஒன்றே, மெக்கானிக்குக்கும் வேலை எளிது.

இன்று பரவலாக உள்ள ஏற்பாடு இது: தனிநபர் படகை வாங்கி ஐந்தாறு வருடம் கம்பெனியிடம் விடுவார். நிறுத்துமிடம், பராமரிப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. உரிமையாளருக்கு மாதத் தொகையோ வருமானத்தில் பங்கோ, வருடத்தில் சில வாரப் பயணமும் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் படகு பெரும்பாலும் விற்பனைக்கு வரும்.

மத்தியதரைக்கடலில் வாடகைக்கு எடுப்பவருக்கு: 40 அடிப் படகில் ஆறு முதல் எட்டுப் பேர் பங்கிட்டால்தான் கட்டுப்படியாகும். ஆகஸ்டை விட்டு மே, அக்டோபர் பாருங்கள், வாடகை வெகுவாகக் குறையும். டெபாசிட், சுத்தம் செய்யும் கட்டணம், டீசல், மரினா இரவுகள் தனி. குரோவேஷியாவில் ஸ்கிப்பர் (படகு ஓட்டுபவர்) சான்றிதழோடு விஎச்எஃப் (கடல் தொடர்பு) ரேடியோ சான்றிதழும் கேட்பார்கள்.

கீல்போல்ட்:
முதலில் கீல். தரைதட்டும்போது கீலின் பின்முனை மேல்நோக்கி உடலைக் குத்தும். உள்ளே உடலோடு ஒட்டியிருக்கும் ஃபைபர் சட்டகம் அந்த இடத்தில்தான் விடுபடும். தரைப் பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்று வந்தால் சரி, 'தொப்' என்று மந்தமாக வந்தால் ஒட்டு விட்டிருக்கலாம். இதை லேசாக எடுக்காதீர்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி யாட் கீல் கழன்று கவிழ்ந்தது, நான்கு பேர் இறந்தார்கள். முந்தைய தரைதட்டல்களும் அடிப்பகுதிப் பழுதுபார்ப்புகளும் அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பது பிரிட்டிஷ் விசாரணையின் முடிவு.

இன்ஜின் மணிக்கணக்கு அதிகமாகத்தான் இருக்கும். நங்கூரத்தில் நின்றபடி ஃப்ரிட்ஜுக்காக பேட்டரி சார்ஜ் செய்த மணிகளும் அதில் சேரும். குறைந்த சுமையில் ஓடிய டீசல் கரி பிடித்திருக்கும், எனவே முழு ஆர்பிஎம் தொடுகிறதா என்று கடலில் ஓட்டிப் பாருங்கள். மாஸ்ட்டை (பாய் கட்டும் தூணை) தாங்கும் கம்பிகள் பத்து வருடம் தாண்டினால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அலைவாய்:
படகின் அடியில் ஜெல் கோட்டில் கொப்புளம் இருந்தால் வாங்கவே கூடாதா?

கீல்போல்ட்:
நான்கைந்து கொப்புளம் என்றால் பயம் வேண்டாம். தோண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு எபாக்சி பசையால் அடைக்கலாம். அடிப்பகுதி முழுக்க இருந்தால் ஜெல் கோட்டைச் சீவி எடுத்து மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும். பழைய படகில் அந்தச் செலவு படகு விலையையே தாண்டலாம்.

அதைவிட டெக்கை (மேல்தளத்தை) கவனியுங்கள். பல படகுகளில் டெக்கின் இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம் இருக்கும். ஸ்டான்ஷன் (ஓரத்துத் தடுப்புக் கம்பியின் தூண்), க்ளீட் (கயிறு கட்டும் பிடி) ஆகியவற்றின் போல்ட் ஓட்டைகள் வழியாக நீர் இறங்கினால் பால்சா ஊறி அழுகும், காலடியில் மெத்தென்று அமுங்கும். நல்ல டெக்கில் புதிதாக எதைப் பொருத்தினாலும் ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, ஓரத்துப் பால்சாவைச் சுரண்டி, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள்.