ஆயில் லைட் எரிந்த அனுபவம் உண்டா? இங்கே பகிருங்கள்

மலைப்பாதைப் பிரியன், நாமக்கல்

கொல்லிமலைக்கு வாடகை காரில் குடும்பத்தோடு போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறியதும், ஒவ்வொரு வளைவிலும் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் கேன் படம் மினுக்கென்று எரிந்து அணைந்தது. நேர் ரோட்டுக்கு வந்தால் காணோம். "சென்சார் கம்ப்ளைண்ட் சார், ரொம்ப நாளா இப்படித்தான்" என்றார் டிரைவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓரங்கட்டச் சொல்லி, சற்று நேரம் விட்டு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பைக்காரரோடு டிரைவர் தொற்றிக்கொண்டு போய் ஆயில் வாங்கி வந்து ஊற்றினார். அப்புறம் உச்சி வரை லைட் எட்டிப் பார்க்கவே இல்லை.

என் சந்தேகம் இதுதான்: ஆயில் குறைவு என்றால் எப்போதும் எரிய வேண்டியதுதானே? வளைவில் மட்டும் ஏன்?

பட்டறைக்காரன், கோவை

அந்த லைட்டுக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது சார். அழுத்தம் இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சம்ப். அதன் அடியில் ஒரு உறிஞ்சு குழாய், குழாயின் வாயில் ஒரு வலை. நாங்கள் ஸ்ட்ரெய்னர் என்போம். பம்ப் அதன் வழியாகத்தான் இழுக்கும். ஆயில் குறைந்திருக்கும்போது வண்டி ஏற்றத்தில் சாய்ந்து திரும்பினால், இருக்கிற கொஞ்சமும் ஒரு மூலைக்கு ஒதுங்கும். ஸ்ட்ரெய்னர் வாய் வெளியே நிற்கும், பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும். பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போனால்தான் அந்த சுவிட்ச் லைட்டைப் போடும். ஓடுகிற இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி.

பம்ப்பிலிருந்து ஆயில் முதலில் போவது ஃபில்டருக்கு. வெளி வட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டைகளில் நுழைந்து, மடித்த காகிதத்தைக் கடந்து, நடுவில் மரை போட்ட ஓட்டை வழியாக வெளியேறும். அடுத்தது இன்ஜின் பிளாக்கில் நீளவாக்கில் துளைத்த மெயின் கேலரி என்ற பெரிய வழி. அதிலிருந்து, கிராங்க் என்ற சுழல் தண்டைத் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் ஒரு கிளை. பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடி முனையான பிக் எண்டுக்குத் தனிக் குழாய் கிடையாது. மெயின் பேரிங்குக்கு வந்த ஆயிலில் ஒரு பங்கு கிராங்குக்குள் சாய்வாகப் போட்ட துளை வழியே அங்கே போய்ச் சேரும். இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளை இயக்கும் கேம், டேப்பெட் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, தானாக வடிந்து சம்ப்புக்குத் திரும்பும். ஆயில் வற்றி ஓடிய இன்ஜினைப் பிரிக்கும்போது பிக் எண்டில் பேரிங்காக இருக்கும் ஷெல் தகடுதான் பெரும்பாலும் முதலில் போயிருக்கும். சுமையும் அதிகம், ஆயில் வரும் வழியும் சுற்று வழி.

ஒரு கார் வந்தது. பைபாஸில் வேகம் எடுத்தால் லைட் எரியும், மெதுவாகப் போனால் அணைந்துவிடும். ஆயில் அளவு சரி. வேறொரு இடத்தில் சுவிட்ச் மாற்றியாயிற்று, அடுத்து ஆயில் பம்ப்புக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் சுவிட்சைக் கழற்றி அதே மரையில் பிரஷர் கேஜை மாட்டினேன். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, முள் ஒழுங்காக நின்றது. 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும், மேலே போக வேண்டிய முள் கீழே இறங்கியது. பம்ப்போ பேரிங்கோ தேய்ந்திருந்தால் தலைகீழாக, சூடான ஐடிலில் குறைந்து, ரேஸ் கொடுத்தால் ஏறும். ஏற்றும்போது இறங்குகிறது என்றால் பம்ப்புக்கு இரை போதவில்லை.

சம்ப்பை இறக்கினேன். ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் சிவப்பு சிலிகான், வெந்த சேமியா மாதிரி சுருண்டு ஒட்டியிருந்தது. முன்பு யாரோ சம்ப்பை ஒட்டும்போது பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுவார்கள். உள்ளே பிதுங்கியது ஆயிலில் ஊறிப் பிய்ந்து நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். பிக் எண்ட் கேப்பைக் கழற்றினால், ஷெல்லில் சாம்பல் பூச்சு நடுவில் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. கிராங்கை நகத்தால் வருடினேன், எங்கும் தட்டவில்லை. புது ஷெல்லோடு பிழைத்தது. நகம் தட்டியிருந்தால் கிராங்கைக் கழற்றி கிரைண்டிங்குக்குக் கொடுத்து, இளைத்த கிராங்குக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் ஷெல் தேடி அலைந்திருக்க வேண்டும்.

வேளச்சேரிவாசி

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கார் பார்க்கிங்கில் மூழ்கி நின்றது. மெக்கானிக் தம்பி போனிலேயே சொல்லிவிட்டார்: "அக்கா, சாவியைத் தொடாதீங்க." தண்ணீர் வடிந்த பிறகு டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. அடி நட்டைத் திறந்ததும் முதலில் வந்தது கலங்கல் தண்ணீர். நெடுநேரம் கழித்துத்தான் கறுப்பு ஆயில். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கிவிடுமாம், ஸ்ட்ரெய்னர் இருப்பதும் அங்கேதான். ஸ்டார்ட் செய்திருந்தால் பேரிங்குக்கு முதலில் தண்ணீர்தான் போயிருக்கும். அதே பார்க்கிங்கில் ஒருவர் ஸ்டார்ட் செய்தே பார்த்துவிட்டார். அவர் வண்டியில் ஆயில் வெளிறிய பழுப்புக் கூழாக வழிந்தது.

பழைய கார் பாண்டியன்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் டக டகவென்று டேப்பெட் சத்தம், பிறகு அமைதி. சர்வீஸில் மலிவு ஃபில்டர் போட்டதிலிருந்துதான். சம்பந்தம் உண்டா அண்ணே?

பட்டறைக்காரன், கோவை

இருக்கலாம் தம்பி. ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் மடல் உண்டு. இன்ஜின் நின்றதும் ஆயில் சம்ப்புக்கு வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அந்த ரப்பர் விறைத்துப் போனால் ராத்திரி முழுக்க வடிந்து, காலையில் ஃபில்டர் நிரம்பிய பிறகுதான் மேலே ஆயில் ஏறும். படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டும் ஃபில்டரில் இது அதிகம். முதலில் நல்ல ஃபில்டர் மாற்றிப் பாருங்கள், ஹெட்டைத் திறக்க யார் சொன்னாலும் பொறுங்கள்.

மலைப்பாதைப் பிரியன், நாமக்கல்

விளக்கத்துக்கு நன்றி அண்ணே. மலை ஏறும்போது நடு ரோட்டில் லைட் எரிந்தால் உடனே அணைக்கலாமா?

பட்டறைக்காரன், கோவை

ஓரம் கிடைத்ததும் நிறுத்தி உடனே அணையுங்கள். ஓடும்போதே அணைக்காதீர்கள், ஸ்டியரிங் கனக்கும், நாலு மிதிக்குள் பிரேக்கும் கல்லாகிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை உருவுங்கள். சாய்வில் அளவு சரியாகக் காட்டாதுதான். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தும் லைட் அணையாவிட்டால் மறுபடி அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுங்கள். இழுவை வண்டிக்கான வாடகை, கிராங்க் வேலையில் ஒரு மூலைக்குக்கூட வராது.