ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

வணக்கம். குன்னூரில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்றரை லட்ச ரூபாயில் கார்பன் ஃபிரேம் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். மோட்டார் வண்டி மாதிரி சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லைதான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. திருட்டைவிட எனக்குப் பயம் சாலைதான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள், மழை, மேகமூட்டம், எதிரே பஸ். விழுந்தால் கார்பனில் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விடலாம். அதை, சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒப்புக்கொள்வாரா?

ஊட்டி, கோத்தகிரி பக்கம் யாராவது பாலிசி எடுத்து, கிளெய்ம் பணம் கைக்கு வந்திருக்கிறதா? தேய்மானம் என்று எவ்வளவு கழித்தார்கள்? போட்டியில் ஓட்டும்போது அடிபட்டால் செல்லுமா? அப்புறம், பிரீமியம் கட்டாமல் அந்தப் பணத்தைப் பழுதுக்கென்று ஒதுக்கி வைப்பது மேலா? அடுத்த வாரம் ஓட்டத் தொடங்குகிறாள், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.