புதுப்பிப்பு: எண்ணெயில் கரைந்த அதிரசம்

தீபாவளிக்கு முன் எழுதியிருந்தேன்: வேலை போன அதே வாரம் அம்மாவின் அதிரசத்தைச் செய்து பார்த்தேன், 9-உம் எண்ணெயில் பிரிந்து கரைந்தன. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அத்தைதான் காரணம் சொன்னார். "பாகு இளசா இருந்திருக்கும்மா. தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாரு. உருட்ட வரணும், ஆனா கல்லாயிடக் கூடாது."

இந்த முறை பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, லேசான ஈரம் இருக்கும்போதே அரைத்தேன். (கோலாலம்பூர் மழைக் காற்றில் அந்த அளவுக்குக்கூடக் காயவில்லை, மின்விசிறி போட வேண்டியதாயிற்று.) வெல்லப்பாகில் ஏலக்காய் தட்டிப் போட்டு, மாவைக் கிளறி, 2 நாள் மூடிவைத்தேன். அதுதான் கஷ்டம். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய அரைமணிக்குள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பவள் நான். மாவையும் அப்படித்தான் பார்த்தேன். அத்தை பாத்திரத்தையே வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டார்!

முதல் இரண்டு மறுபடி உடைந்தன. சரி என்று கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தேன், தீயைக் குறைத்தேன். அப்புறம் 16 முழுசாக வந்தன. அம்மா செய்வதைவிடக் கொஞ்சம் கெட்டி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு நேர்காணல் இருக்கிறது. அத்தைக்கு 6 கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "அடுத்த தடவை எள்ளும் போடு" என்றார்.